மெஸ் கணக்கில் ஒரு வரி
(1972–75 இயற்பியல் அணியின் பொன்விழாச் சந்திப்பில், 2025இல், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "குற்றமும் நீதியும்னு ஏதாவது பேசுங்க, முப்பது வருஷம் நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க, நாலு சுவையான வழக்கு இருக்காதா?" என்று கேட்டார். இருக்கிறது. ஆனால் இன்று நான் சொல்லப் போகும் வழக்கு எந்த நீதிமன்றத்திலும் பதிவாகவில்லை. அதற்கு நம்பர் கிடையாது. அதில் குற்றவாளி நான். சாட்சிகள் இந்த மண்டபத்திலேயே இருபது, இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். வக்கீல் புத்தி, மன்னிக்க வேண்டும்.

நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம் படித்தவர்கள். பாண்டியன் சபையில் கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள், அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம், மன்னன் அந்த இடத்திலேயே விழுந்து உயிரை விட்டான். இதைப் பட்டிமன்றங்களில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். நீதிபதியாக வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் உறுத்தும். ஒன்று, அங்கே விசாரணையே நடக்கவில்லை. உண்மையில் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன்தான் புகார் கொடுப்பவன். அவன் சொல்லை நம்பி அரசன் ஆணையிட்டுவிட்டான். இன்னொன்று, கண்ணகி சபைக்கு வந்தது மன்னனைச் சாகச் சொல்லி அல்ல. கணவன் மேல் விழுந்த திருடன் என்ற பெயரை, அந்தப் பெயர் எங்கே வைக்கப்பட்டதோ அந்த இடத்திலேயே அழிக்க வந்தாள். மன்னன் செத்தது அவனுக்கு அவனே கொடுத்துக்கொண்ட தண்டனை. கோவலன் கள்வன் இல்லை என்று சபையறிய நிலைநாட்டப்பட்டதே, அதுதான் அவளுக்குக் கிடைத்த நீதி. இந்த வேறுபாட்டை எனக்கு ஒரு சமையல்காரர் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது 1974 டிசம்பருக்கு வாருங்கள். நாம் இறுதி ஆண்டு. நான் விடுதியில் மெஸ் செக்ரட்டரி. சாம்பாரில் பருப்பைத் தேடிய காலம். தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம். நம் அணி நண்பர் ஒருவரின் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த 48 ரூபாய் காணாமல் போய்விட்டது. அப்பா மணியார்டரில் அனுப்பிய பணம். 48 ரூபாய் அன்றைக்குச் சாதாரணமா? ஒரு மாத மெஸ் பில்லில் பெரும்பகுதி.

அறைக்கு அறை காலையில் டீ கொண்டு வருகிற பையன் ஒருவன் இருந்தான். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சங்கரன்கோவில் பக்கம் ஊர். பதினாலு வயது. பெரிய சட்டை ஒன்றை மடித்துவிட்டுப் போட்டிருப்பான். எல்லோரையும் "அண்ணே" என்பான். அவன் பெயரை நான் இங்கே சொல்லமாட்டேன். அதைச் சொல்ல எனக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அவன்மேல் சந்தேகம் வர என்ன காரணம்? ஒரு காரணமும் இல்லை. அறைக்குள் வருகிறவர்களில் அவன் ஒருவன்தான் ஏழை. அவ்வளவுதான் ஆதாரம்.

நானும் இன்னும் மூன்று பேரும் அவனை அரிசி மூட்டை வைக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினோம். முதலில் கேட்டோம். "நான் எடுக்கலண்ணே" என்றான். அறைந்தேன். மற்ற மூவரும் மிரட்டினார்கள், அடித்தது நான்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி இடங்களில் "நாங்கள்" என்ற வார்த்தை ஒளிந்துகொள்ள ரொம்ப வசதியானது. எத்தனை அடி என்று எண்ணவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியில் அவன் கேட்டான்: "ஒத்துக்கிட்டா விட்டுருவீங்களாண்ணே?"

"விட்டுருவோம்டா" என்றேன்.

"அப்ப நான்தான் எடுத்தேன்."

பணம் எங்கே என்றால் செலவழித்துவிட்டேன் என்றான். காலையில் எடுத்த 48 ரூபாயை, மெஸ்ஸை விட்டு வெளியே போகாத பையன், சாயங்காலத்துக்குள் எப்படிச் செலவழிப்பான்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதைவிட, தோன்ற விடவில்லை என்பதே சரி. ஒப்புதல் கிடைத்துவிட்டது. மெஸ் செக்ரட்டரி கண்டுபிடித்துவிட்டார் என்று பேராகிவிட்டது.

அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில், மெஸ் ஹாலில் எல்லோருக்கும் முன்னால் அவனை நிறுத்தி, "இவன்தான் திருடன், எல்லாரும் முகத்தைப் பாத்துக்குங்க" என்றேன். சிலர் சிரித்தீர்கள். சிலர் சாதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டீர்கள். வார்டன் ஐயா நான் சொன்னதை நம்பினார். மறுநாள் காலை பஸ்ஸில் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டோம். அந்த மாதச் சம்பளம் 30 ரூபாயைக் கொடுக்கவில்லை. மெஸ் கணக்கு நோட்டில் என் கையாலேயே எழுதினேன்: "திருட்டுக்காகப் பையன் சம்பளத்தில் பிடித்தம் ரூ. 30." நண்பரின் தந்தை மறுபடியும் பணம் அனுப்பினார். கட்டணம் கட்டியாயிற்று. விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

1975 மார்ச். செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அந்த நண்பர் அழுக்காகிவிட்ட பழுப்புத்தாள் அட்டையைக் கழற்றிப் புது அட்டை போட உட்கார்ந்தார். பழைய அட்டைக்கும் நோட்டுக்கும் நடுவில் நான்கு பத்து ரூபாய், ஓர் ஐந்து ரூபாய், மூன்று ஒரு ரூபாய் நோட்டுகள். பெட்டியில் வைத்தால் பத்திரமில்லை என்று அவரே அங்கே செருகி வைத்து, அடியோடு மறந்திருக்கிறார்.

நோட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இப்ப என்னடா செய்யறது?" என்றார். நான் சொன்ன பதிலை இன்றுவரை மறக்கவில்லை. "பையன்தான் போயிட்டானே. இனிமே சொல்லி யாருக்கு என்ன லாபம்?" அந்தச் சனிக்கிழமை ஆறு பேராக ரெண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போய், ஸ்டேஷன் ரோட்டில் பரோட்டா சாப்பிட்டோம். அந்தப் பணத்தில்தான். மற்ற நால்வருக்கும் அது என்ன பணம் என்று தெரியாது. தெரிந்த இருவரில் ஒருவர் இன்று நம்மிடையே இல்லை. ஆகவே அவர் பங்கைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. என் பங்கை மட்டும் பேசுகிறேன்.

இதற்குப் பிறகு நான் படித்தது சட்டம். விதியின் கேலி என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

சட்டக் கல்லூரியில் 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தை எடுத்தவுடன் 24ஆவது பிரிவு முகத்தில் அறைந்தது. அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ, ஆசை காட்டியோ, வாக்குறுதி கொடுத்தோ வாங்கிய ஒப்புதல் குற்ற வழக்கில் செல்லாது. 25ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை, அடித்தாரா அடிக்கவில்லையா என்ற கேள்வியே இல்லாமல், குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். அவனுக்கு நம்மேல் கருணை பொங்கியதால் எழுதவில்லை. அடித்தால் யாரும் எதையும் ஒத்துக்கொள்வார்கள் என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய்ப் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. 22, 23 என்று எண்கள் மாறியிருக்கின்றன. கொள்கை மாறவில்லை.

"தப்பு செய்யாதவன் எதுக்கு ஒத்துக்கணும்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். லண்டனில் திமொதி எவன்ஸ் என்று ஓர் இளைஞர். மனைவியும் குழந்தையும் கொலையானார்கள். போலீஸிடம் நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலம் கொடுத்தார். நீதிமன்றத்தில், அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி என்பவர்தான் செய்தார் என்றார். யாரும் நம்பவில்லை. கிறிஸ்டியே அரசுத் தரப்புச் சாட்சி! 1950 மார்ச்சில் எவன்ஸைத் தூக்கில் போட்டார்கள். 1953இல் அதே வீட்டில் மேலும் பெண்களின் உடல்கள் கிடைத்தன. கிறிஸ்டி பல கொலைகள் செய்தவர் என்று தெரிந்தது. எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு வழங்கினார்கள், இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து. பொற்கொல்லன் கதை லண்டனிலும் நடந்திருக்கிறது, பாருங்கள்.

சரி, என் வழக்குக்கு வருவோம். நான் செய்ததற்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் என்ன பெயர்? பிரிவு 330. ஒப்புதலை வரவழைக்கவோ, பொருளைத் திருப்பி வாங்கவோ ஒருவரைக் காயப்படுத்துவது. ஏழு ஆண்டு வரை சிறை. அறையில் அடைத்து வைத்தது பிரிவு 348, மூன்று ஆண்டு வரை. அந்தப் பையன் செய்ததாக நான் சொன்ன குற்றம், குடியிருக்கும் கட்டடத்தில் திருட்டு, பிரிவு 380. அதற்கும் ஏழு ஆண்டு வரைதான். அதாவது, நான் சுமத்திய குற்றமும் நான் செய்த குற்றமும் சட்டத்தின் தராசில் ஒரே எடை. செய்யாத குற்றத்துக்கு அவன் தண்டனை அனுபவித்தான். செய்த குற்றத்துக்கு நான் பட்டம் வாங்கினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கால வரம்பு உண்டு. ஏழு ஆண்டுக் குற்றத்துக்கு அந்த வரம்பு கிடையாது. சட்டக் கல்லூரி விடுதியில் ஓர் இரவு உட்கார்ந்து இதைக் கணக்குப் பார்த்தேன். மனசாட்சி உறுத்திப் பார்க்கவில்லை. மாட்டிக்கொள்வேனா என்றுதான் பார்த்தேன். யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் நன்றாகத் தூங்கினேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

1985இல் மாவட்ட முன்சீப் ஆனேன். 1988இல் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, வீடு புகுந்து திருடிய வழக்கில் ஓர் இளைஞனை ஒப்புதல் வாக்குமூலம் பதிவு செய்யக் கொண்டு வந்தார்கள். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 164. மாஜிஸ்திரேட் முதலில் எச்சரிக்க வேண்டும்: நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது உனக்கு எதிராகப் பயன்படலாம். மனம் மாறி மறுத்தாலும் அவனைப் போலீஸ் காவலுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு எல்லாம் சொன்னேன். யோசிக்க ஒரு நாள் அவகாசம் கொடுத்துக் கிளைச் சிறைக்கு அனுப்பினேன். மறுநாள் வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்: "ஒத்துக்கிட்டா வீட்டுக்கு விட்டுருவீங்களா ஐயா?"

அதே வாக்கியம். "அண்ணே" இருந்த இடத்தில் "ஐயா". பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாக்குமூலத்தை நான் பதிவு செய்யவில்லை. சட்டப்படி அதுதான் சரி, தாமாக முன்வந்து சொல்கிறார் என்ற திருப்தி வந்தால்தான் பதிவு செய்யலாம். அன்று முதல் என்னிடம் வந்த ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் கூடுதலாகப் பேசினேன். நல்ல மாஜிஸ்திரேட் என்று பெயர் வாங்கினேன். கடனைக் கழித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடம் வாங்கிய கடனை யாருக்குக் கட்டுகிறேன் என்று யோசிக்கவில்லை.

ஜெர்மனியில் கார்ல் யாஸ்பர்ஸ் என்று ஒரு தத்துவப் பேராசிரியர். மனைவி யூதர் என்பதால் 1937இல் நாஜிகள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். போர் முடிந்தவுடன் ஹைடல்பர்க்கில் தம் மாணவர்களுக்கு நடத்திய சொற்பொழிவுகளை 1946இல் நூலாக வெளியிட்டார். குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறுவது முதல் வகை, அதை விசாரிப்பது நீதிமன்றம். அரசு செய்ததற்குக் குடிமக்கள் சுமப்பது இரண்டாவது. தனி மனிதன் செய்ததற்கு அவனுடைய மனசாட்சியே நீதிபதியாக இருப்பது மூன்றாவது. நான்காவது வகைதான் ரொம்பச் சங்கடமானது. என் கண்ணெதிரே ஒருவருக்கு அநியாயம் நடந்தபோது, தடுக்க என்னால் ஆனதைச் செய்யாமல் இருந்தேனே, அது. அதை விசாரிக்க மனிதரிடம் மன்றமே இல்லை, கடவுள் ஒருவரே என்கிறார்.

மெஸ் ஹாலில் அன்று சாதத்தைப் பார்த்துக் குனிந்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் உங்களில் மூன்று பேர், தனித்தனியாக, "அந்தப் பையன் என்ன ஆனான்டா?" என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யாஸ்பர்ஸைப் படித்த பிறகு புரிந்தது.

சட்டம் தாமதமாக வந்தாலும் வரும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊரையே திருடர்கள் என்றார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம் அந்தப் பெண்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தபோது என் பேத்தி கேட்டாள், "தாத்தா, அவங்க தப்பு பண்ணினது அவங்களுக்கே தெரியும்ல? யாராவது ஒருத்தர் தானா வந்து சொல்லியிருக்கலாம்ல?" நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். பதில் சொல்லவில்லை.

மறு வாரமே தேட ஆரம்பித்தேன். நம் மெஸ்ஸின் பழைய சமையல் மாஸ்டரின் மகனைப் பிடித்து, அவர் மூலம் ஊரைப் பிடித்து, ஊரிலிருந்து வேறொரு ஊரைப் பிடித்து, 2024 தையில் அவரைக் கண்டேன். கல்யாணங்களுக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறார். அறுபத்து நாலு வயது. பத்துப் பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். 1974இல் "டா" போட்டவன், அன்று "வணக்கம் ஐயா" என்று கைகூப்பி நின்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கல்லூரிப் பெயரைச் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு, "மெஸ் செக்ரட்டரியா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரெக்கார்டு நோட்டு வரைக்கும். பரோட்டா வரைக்கும். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"பணம் கெடச்சது எப்பன்னு சொன்னீங்க?"

"1975 மார்ச்."

விரலை மடக்கி எண்ணினார். "எங்கம்மா செத்தது 1991ல. பதினாறு வருஷம் இருந்திருக்கு." சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "வேலைக்குப் போயிட்டு ராத்திரி வந்து சட்டையைக் கழட்டி மாட்டுவேன். அம்மா அந்தச் சட்டைப் பையைத் தடவிப் பாக்கும். காசு ஏதும் கூடுதலா இருக்கான்னு. ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. சாகிற வரைக்கும் தடவிப் பாத்துச்சு."

நண்பர்களே, நான் ஆயுள் தண்டனை விதித்திருக்கிறேன். விடுதலை செய்திருக்கிறேன். அந்த வாசலில் நின்றபோது எனக்கு எந்தப் பிரிவும் ஞாபகம் வரவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்றேன். "அத விடுங்க சார்" என்றார். அது மன்னித்துவிட்டேன் என்ற அர்த்தத்தில் இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்ற அர்த்தத்தில். ஒரு கவரில் பணம் கொண்டு போயிருந்தேன். கவரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "முப்பது ரூவா மட்டும் எடுத்துக் குடுங்க, அது என் சம்பளம்" என்றார். கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டார். மிச்சத்தைத் தொடவில்லை.

நான் கிளம்பும்போதுதான் சொன்னார். "நீங்க இங்க வந்து எங்கிட்டச் சொன்னீங்க. நான் எடுக்கலங்கறது எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. எங்க வச்சு என்னைத் திருடன்னு சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க. வாயால சொன்னா போயிடும். எழுத்துல போடுங்க. எம்பேர் மட்டும் வேணாம். பேரப்பிள்ளைங்க இருக்காங்க."

கண்ணகி கேட்டதும் அதுதானே? இத்தனை வருஷம் நீதி என்றால் தண்டனை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தண்டனை குற்றவாளியைப் பற்றியது. எனக்கு வருத்தம், எனக்கு உறுத்தல், எனக்குத் தூக்கம் வரவில்லை என்று பேசுவதும் குற்றவாளியைப் பற்றியதுதான். பாதிக்கப்பட்டவரிடமிருந்து எடுத்ததை, எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பது வேறு வேலை. நான் எடுத்தது 30 ரூபாய் இல்லை. அவருடைய பெயர். அவர் அம்மாவின் பதினாறு வருஷ நம்பிக்கை. முதலாவதைத் திருப்பித் தர முடியும். இரண்டாவதைத் தர முடியாது. தர முடியாததைச் சாக்காக வைத்து, தரக்கூடியதையும் தராமல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

பழைய மெஸ் ஹாலை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது சைக்கிள், மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். சுவர் போனால் என்ன, அன்று அந்தச் சுவருக்குள் உட்கார்ந்து கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே 1974 டிசம்பரில் சொன்ன அதே சபையில் சொல்கிறேன்:

அந்தப் பையன் திருடவில்லை. பணம் திருட்டே போகவில்லை. நான் அடித்ததால் அவன் ஒத்துக்கொண்டான். பணம் கிடைத்த பிறகும் அதை மறைத்தவன் நான். மெஸ் கணக்கில் "திருட்டுக்காகப் பிடித்தம்" என்று நான் எழுதிய வரி பொய்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். இந்த உரையை மலரில் ஒரு வரி விடாமல் அச்சிட வேண்டும். என் பதவிக்காகவோ, கல்லூரியின் பெயருக்காகவோ எதையும் நீக்க வேண்டாம். "எழுத்துல போடுங்க" என்பதுதான் அவர் கேட்டது. அச்சானதும் ஒரு பிரதியை என் கையில் கொடுங்கள். தபாலில் அனுப்பமாட்டேன். நானே கொண்டு போய்க் கொடுப்பேன்.

உங்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது, அறிவுரையாக இல்லை. நமக்கெல்லாம் எழுபது வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பரிசோதனை செய்துகொள்கிறோம். உயில் எழுதி வைக்கிறோம். யாராவது ஒருவர் நம்மால் சட்டைப் பை தடவப்பட்டு வாழ்ந்துகொண்டிருக்கிறாரா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இருந்தால், நான் செய்தது போல 49 வருஷம் ஆக்காதீர்கள். அதற்குள் அம்மாக்கள் போய்விடுகிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.